சாவி வந்ததும் கிளம்பிரலாம்

வாங்க தம்பி, வாங்க. பைய, பைய. ஸ்டாண்ட எட்டி ஒதைக்காதீங்க, அது பேட்டரி சைக்கிளு. நம்மூரு சைக்கிள் மாதிரி ஒதைய வாங்கிக்கிட்டுச் சும்மா இருக்காது, ரோசம் புடிச்ச வண்டி. அடடா, சட்டையெல்லாம் நனைஞ்சு போச்சே! தள்ளிக்கிட்டே வந்தீங்களாக்கும்? எங்க நின்னுச்சு? இருங்க, நானே சொல்றேன். சூரியன் உதிக்கிற பீச்சு இருக்குல்ல, அதத் தாண்டித் தென்னந்தோப்புக்குள்ள ஒரு மண்ரோடு போகும். பாக்க அம்புட்டு அழகா இருக்கும். ஆசையா எறங்கியிருப்பீங்க. 'பீப், பீப், பீப்பீப்பீப்... ஙொய்ய்ய்.' அம்புட்டுத்தான். பொணம். சரியா?

எல்லாருக்கும் அங்கனதான் நிக்கும். அங்க ஒரு வேலி இருக்கு தம்பி. கண்ணுக்குத் தெரியாது. வண்டி செஞ்சவன் கம்ப்யூட்டர்லயே ஒரு கோடு போட்டு வச்சிருக்கான். அதத் தாண்டுனா மோட்டாரு செத்துரும். பெடலும் மிதிக்க வராது. அங்கேருந்து அஞ்சு கிலோமீட்டரு, மதிய வெயிலு, முப்பது கிலோ இரும்பு. ஆனா ஒண்ணு சொல்லவா? வண்டியத் திருப்பி ஒரு பத்தடி இந்தப் பக்கம் தள்ளியிருந்தீங்கன்னா தானா உயிர் வந்திருக்கும். கோட்டுக்கு இங்கிட்டு வந்துட்டா அது பாட்டுக்கு ஓடும்.

மொறைக்காதீங்க, மொறைக்காதீங்க. 'காலையிலேயே சொல்லித் தொலைச்சிருக்கலாம்ல'ன்னு கேக்குறீங்க. எனக்கு யாரு தம்பி சொன்னா? நானும் தள்ளித்தான் தெரிஞ்சுக்கிட்டேன். தள்ளுனவுகளுக்குத்தான் வண்டியோட அருமை தெரியும்.

ஒக்காருங்க. அந்த ஸ்டூல இழுத்துப் போட்டுக்கங்க. சேரு ஒண்ணுதான் இருக்கு, அதுல நான் இருக்கேன்.

லைசென்ஸா? குடுப்போம், குடுப்போம். உங்க லைசென்ஸ வச்சு நான் என்ன லாரியா ஓட்டப் போறேன்? இந்தா, இந்த டிராயருக்குள்ள பத்திரமா இருக்கு. டிராயரு பூட்டியிருக்கு. சாவி பரிமல் பாபுகிட்ட இருக்கு. கடை அவருதுதான், வங்காளத்து மனுசன், தங்கமானவரு. போர்ட் பிளேருக்குப் போயிருக்காரு. மூணரைக்கு அங்கேருந்து ஒரு போட்டு வரும்ல, அதுல வந்து எறங்குவாரு. அதே போட்டுதான் நாலு மணிக்குத் திரும்பிப் போகுது. அதுலதான நீங்க போறீங்க? அப்பறம் என்ன. சாவி வந்ததும் கிளம்பிரலாம்.

நீங்க மட்டுமில்ல, நானும் அதே போட்டுலதான் வர்றேன். நம்பலையா? இந்தா பாருங்க பையி. கட்டி வச்சு மூணு நாளாச்சு. என் கார்டும் அதே டிராயருக்குள்ளதான் கெடக்கு, உங்க லைசென்ஸுக்குக் கீழ. ஆளுக்கு ஒரு கார்டு உள்ள, ஆளு ரெண்டு பேரும் வெளிய. நல்லாருக்குல்ல?

காலையில எப்படித் தொறந்து வச்சேனா? காலையில அது தொறந்துதான் கெடந்துச்சு. தள்ளுனா 'டக்'குன்னு பூட்டிக்கிற டிராயரு தம்பி இது. உள்ள போறது லேசு, வெளிய வர்றதுக்குத்தான் சாவி.

தங்கச்சி எங்க, உங்க வீட்டம்மா? ஜெட்டியிலயா? போட்டு ஏறுற எடத்துக்கு இங்க பேரே அதுதான், சிரிக்காதீங்க. நானும் வந்த புதுசுல வயித்தப் புடிச்சுக்கிட்டுச் சிரிச்சேன். பையையெல்லாம் வச்சுக்கிட்டு வெயில்ல நிக்குதாக்கும். போன் போட்டுச் சொல்லுங்க, அண்ணன் கூட்டிக்கிட்டு வர்றாருன்னு சொல்லுங்க. டவர் இல்லையா? இருக்காது. மூணு மணிக்கு மேல இங்க டவரு தூங்கப் போயிரும். மூணே கால்தான் ஆகுது, எதுக்குப் பறக்குறீங்க. இந்தத் தீவுல எங்கிட்டு ஓடுனாலும் எட்டு கிலோமீட்டர்ல கடலு. நான் எல்லாப் பக்கமும் ஓடிப் பாத்தாச்சு.

காலையில நீங்க 'அருப்புக்கோட்டை'ன்னு சொன்னீங்க பாருங்க, எனக்கு அப்படியே புல்லரிச்சுப் போச்சு. நமக்குக் கமுதி. கமுதிக்கும் அருப்புக்கோட்டைக்கும் என்ன தூரம், பஸ்ஸுல ஏறி ஒரு தூக்கம். இங்க வர்றவுகள்ல பாதிப்பேரு இந்தி, மீதிப்பேரு இங்கிலீசு. தமிழ்ல திட்டு வாங்கியே நாலு மாசம் ஆச்சு. நீங்க வேணும்னா கொஞ்சம் திட்டுங்க தம்பி, கேக்க நல்லாருக்கும்.

வெள்ளிக்கிழமை எங்க அக்கா மகளுக்கு மொட்டையும் காதுகுத்தும். கமுதிக்குப் பக்கத்துல எங்க குலசாமி, அய்யனாரு கோயில். தாய்மாமன் நான் ஒருத்தன்தான். தாய்மாமன் மடியில ஒக்கார வச்சுத்தான மொதமுடி எடுக்கணும்? உங்களுக்குத் தெரியாததா. நான் போகணும். இன்னைக்குப் போட்ட விட்டா மூணு நாளைக்குப் போட்டு கெடையாது, காத்து வருதுன்னு கொடி ஏத்திட்டான். அதனால இன்னைக்கு நான் போகணும். போறேன். சாவி வரட்டும்.

கார்டு எதுக்கா? கார்டு இல்லாமப் போட்டுலயும் ஏத்த மாட்டான், பிளேன்லயும் ஏத்த மாட்டான். நாளைக் காலையில பிளேருலேருந்து சென்னைக்கு பிளேன் டிக்கெட்டு இருக்கு. மச்சான் போட்டுக் குடுத்தது. 'வில்லாயுதம், வயது நாப்பத்தி ஏழு.' இந்தா, போன்ல பாருங்க.

நான் வில்லாயுதம் இல்ல தம்பி. அது எங்க மச்சான் பேரு. என் பேரு வழிவிட்டான். ஆமா, சாமி பேருதான். எங்க பக்கம் வீட்டுக்கு ஒரு வழிவிட்டான் இருப்பான். ஆனா இந்தத் தீவுல யாருகிட்டயாவது போயி வழிவிட்டான் கடை எங்கன்னு கேட்டீங்க, பேந்தப் பேந்த முழிப்பான். 'வில்லாயுதம் சார்'னு கேளுங்க, கையப் புடிச்சுக் கூட்டிக்கிட்டு வந்து விடுவான். பரிமல் பாபு மட்டும்... இருங்க, அவரு எப்படிக் கூப்புடுவாருன்னு செஞ்சு காட்டுறேன். வாயில வெத்தலைய அதக்கிக்கிட்டு, கழுத்த மேல தூக்கி, 'ஓ பில்லாயுதொம் பாபூ! சா காபே? சா?' டீ குடிக்கிறியான்னு கேக்குறாராம். வாயத் தொறந்தா எச்சி வழிஞ்சுருமேன்னு பேச்சையே உருட்டி உருட்டித்தான் விடுவாரு.

சிரிச்சீங்கள்ல? அப்படிச் சிரிங்க. இதுதான் தம்பி நமக்கு வந்த வினை. யார ரெண்டு நிமிசம் பாத்தாலும் அவுகளாட்டமே செஞ்சுருவேன். படிப்பு ஏறல. ஏழாப்புல வாத்தியாரு மாதிரியே இருமிக் காட்டுனேன், ஹெட்மாஸ்டரு நிஜமாவே அவருன்னு நெனச்சு வணக்கம் வச்சுட்டாரு. அன்னைக்கோட பள்ளிக்கூடம் சரி. ஆத்தா அப்பன் ரெண்டும் முன்னப்பின்னப் போயிருச்சு, அக்காவக் கட்டுன மச்சான் வீட்டோட நானும் போயிட்டேன். சீரு வரிசையோட சேத்துவிட்ட மாதிரி.

மச்சானுக்குக் கமுதியில பெயிண்டு கடை. பதினாலு வருசம் அங்கனதான் நின்னேன். நின்னேன்னா நின்னேன் தம்பி, ஒக்காரல. அந்தக் கடையில சேரு ஒண்ணுதான், அதுல அவரு இருப்பாரு. எப்படி இருப்பாரு தெரியுமா? தொண்டைய ஒரு தடவ செருமணும், 'க்ர்ரும்.' அப்பறம் பேச்சு. 'ஏலே. க்ர்ரும். அந்த நாலு லிட்டர் வெள்ளைய எடு. அது இல்லலே, அதுக்குப் பின்னாடி. க்ர்ரும். அதுவும் இல்ல, மொத எடுத்ததே சரி.' பேரச் சொல்ல மாட்டாரு. பதினாலு வருசமும் 'ஏலே'தான். பேங்குக்காரன் வந்தாலும், 'இது நம்ம பய'ம்பாரு. அம்புட்டுத்தான் என் வெலாசம்.

என் ஆதாரு கார்டு, ரேசன் கார்டு, டி.சி., எல்லாத்தையும் வாங்கி பீரோவுல வச்சுப் பூட்டிட்டாரு. 'உனக்கு எதுக்குலே கார்டு? தொலைச்சுப் போடுவ. எங்கிட்ட இருந்தா பத்திரம்.' பீரோ சாவி அவரு இடுப்புல, அரைஞாண் கயித்துல தொங்கும். குளிக்கையிலயும் கழட்ட மாட்டாரு. ஒரு மனுசன் கார்ட இன்னொரு மனுசன் வாங்கிப் பூட்டி வச்சுக்கிட்டா அவன் எங்க தம்பி போவான்? அதுல அவருக்கு ஒரு சந்தோசம். நான் தெரியாமத்தான் கேக்குறேன், அடுத்தவன் கார்டப் பூட்டி வச்சுக்கிட்டு அவனக் காக்க வைக்கிறதுல அப்படி என்ன சந்தோசம்?

எங்க பாக்குறீங்க? போட்டு இன்னும் வரல. வந்தா ஊதுவான்.

ரெண்டு வருசத்துக்கு முன்னாடி பெயிண்டு கம்பெனியில ஒரு அறிவிப்பு. சொன்ன அளவு சரக்கு எடுத்த டீலருக்கெல்லாம் அந்தமான் டூரு. அஞ்சு நாளு, பிளேனு, ஓட்டலு, மேடையில கேடயம். மச்சான் அளவ முடிச்சுட்டாரு. ஆனா போக மாட்டேங்குறாரு. ஏன்னு கேட்டா, 'க்ர்ரும், கடையில சோலி கெடக்கு.' சோலியும் கெடையாது, ஒண்ணும் கெடையாது, பயம்! பங்குனித் திருவிழாவுல ராட்டினத்துல ஏறிட்டு, 'நிறுத்துங்கடா, நிறுத்துங்கடா, எனக்குப் பொண்டாட்டி இருக்குடா'ன்னு கத்துன ஆளு. பிளேன்ல ஏறுவாரா? ஆனா கேடயம் வேணும். கடையில மாட்டணும். எதுத்த கடைக்காரன் வயிறு எரியணும்.

என்னயக் கூப்புட்டாரு. 'ஏலே. க்ர்ரும். நீ போ. நானாப் போ. எங்கார்ட எடுத்துக்க. அங்க யாரும் என்னயப் பாத்ததில்ல. எம்மாதிரி பேசு, எம்மாதிரி நட, கேடயத்த வாங்கிட்டு வந்து சேரு.' வாழ்க்கையில மொத தடவையா என் கோமாளித்தனத்துக்கு ஒரு வேலை. அக்கா அடுப்படியில நின்னு கண்ணக் கசக்குது. 'போயிட்டு வெரசா வந்துர்றா, அடுத்த வாரம் பாப்பாவுக்கு மொதமுடி எடுக்கணும்'னுச்சு. பாப்பா பேரு தன்விகா. அப்ப ஒரு வயசு. எம்மேல ஒண்ணுக்கு இருந்து வழியனுப்பி வச்சுச்சு.

ஏர்போர்ட்டுல போலீஸ்காரரு கார்டப் பாக்குறாரு, என் மூஞ்சியப் பாக்குறாரு. ஆனா ஆதாரு போட்டோவுல யாரு தம்பி அவுக மாதிரியே இருக்கா? மச்சான் அதுல கெணத்துக்குள்ள எட்டிப் பாத்த மாதிரி இருப்பாரு. நான் தொண்டையச் செருமுனேன். 'க்ர்ரும். என்ன சார், லேட்டாகுது.' விட்டுட்டாரு! செருமலுக்கு அம்புட்டு மருவாதி இருக்குன்னு அன்னைக்குத்தான் தெரிஞ்சுச்சு.

அந்த அஞ்சு நாளு இருக்கே. 'வில்லாயுதம் சார் இங்க ஒக்காருங்க, வில்லாயுதம் சார் மீனு எடுத்துக்கங்க.' முப்பது டீலருக நடுவுல எம்பேச்சுத்தான். மேடையில மச்சான் நடையிலயே போயி கேடயத்த வாங்குனேன் பாருங்க, கம்பெனிக்காரங்க எந்திரிச்சு நின்னு கைதட்டுனாங்க. கேடயம் இந்தா, செவுத்துல தொங்குதே, அதுதான். சைக்கிள் கடையில பெயிண்டுக் கேடயம் எதுக்குன்னு காலையில கேட்டீங்கள்ல.

நாலாவது நாளு இந்த நீல் தீவுக்குக் கூட்டிக்கிட்டு வந்தாங்க. ரெண்டு மணி நேரம், சைக்கிள எடுத்துச் சுத்திட்டு வாங்கன்னாங்க. மத்தவுக சைக்கிள் எடுத்தாங்க. நான் யாரு? வில்லாயுதம்ல? பேட்டரி வண்டி எடுத்தேன். பரிமல் பாபு, 'ஒரிஜினொல் கார்டு, ஒரிஜினொல்'னாரு. தூக்கிக் குடுத்தேன். டிராயருக்குள்ள போட்டாரு. 'டக்.' அந்தச் சத்தம் இன்னும் காதுக்குள்ள கேக்குது.

அப்பறம் என்ன, உங்க கதைதான். தென்னந்தோப்பு, மண்ரோடு, பீப் பீப். ஒரு நிமிசம் அப்படியே உக்காந்தேன். சுத்தி ஒருத்தனும் இல்ல, 'ஏலே'ங்க ஆளு இல்ல. அப்பறம் தள்ள ஆரம்பிச்சேன். அஞ்சு கிலோமீட்டரும் தள்ளுனேன். பத்தடி பின்னாடி தள்ளுனா ஓடும்னு எவன் சொன்னான்? ஜெட்டிக்கு வந்தா, போட்டு தூரத்துல குருவி மாதிரி போகுது. முப்பது டீலரும் போயாச்சு. கடைக்கு வந்தா, கடை பூட்டியிருக்கு. பரிமல் பாபு மகளுக்குப் பிரசவ வலின்னு அதே போட்டுல பிளேருக்குப் போயிட்டாரு. டிராயரு சாவியும் அவரோட போயிருச்சு.

நாலு நாளு தம்பி. இந்த வாசல்லயேதான் கெடந்தேன். பிளேன் போயிருச்சு. மச்சான் போன்ல ஆடுறாரு, 'ஏலே, எங்கார்ட எங்கலே தொலைச்ச, க்ர்ரும், எம்பேரக் கெடுத்துட்டியே.' இங்க என்னன்னா, பெரிய முதலாளி ஒருத்தரு கடை வாசல்ல உக்காந்திருக்காருன்னு ஊரே வந்து பாக்குது. டீக்கடைக்காரரு டீ கொண்டாந்து குடுத்தாரு. காய்கறிக்காரம்மா இலையில சோறு குடுத்துச்சு. ஒருத்தர் வீட்டுக்குள்ள போயி இந்தச் சேரத் தூக்கிக்கிட்டு வந்து போட்டாரு. 'பைட்டியே சார், பைட்டியே.' ஒக்காருங்க சார்னு அர்த்தம். இதே சேருதான்.

பரிமல் பாபு வந்து டிராயரத் தொறந்தாரு. அப்பவே வாங்கிட்டுப் போயிருக்கலாம்தான். ஆனா கடையில அஞ்சு சைக்கிளு செயின் அந்து கெடந்துச்சு. சும்மா இருக்கோமேன்னு மாட்டிக் குடுத்தேன். 'அடுத்த போட்டுல போங்க பில்லாயுதொம் பாபு'ன்னாரு. கார்டு டிராயருக்குள்ளயே இருக்கட்டும், எங்கிட்ட இருந்தா தொலைஞ்சு போகும்னு நான்தான் சொன்னேன். சரிதான? பத்திரமா இருக்கும்ல.

இப்ப மணி என்ன? மூணரை ஆகப் போகுதா. வந்துரும்.

பாப்பா மொட்டையா? அத ஏன் கேக்குறீங்க. அந்த அடுத்த வாரம் நடக்கல. மறுபடி மாசியில நாள் குறிச்சாங்க. கிடா வாங்கிக் கட்டியாச்சு. நான் பையக் கட்டிட்டேன். அன்னைக்குன்னு பாத்து நாலு ஜோடி வண்டி எடுத்துட்டுப் போயி திரும்ப நேரமாயிருச்சு. போட்டு போயிருச்சு. அப்பறம் ஆவணி. அன்னைக்கும் சாவி இல்ல. கிடாவுக்கு வயசாகி, அது தானாச் செத்து, இப்ப வேற கிடா. பாப்பாவுக்கு மூணு வயசு முடிஞ்சுருச்சு, முடியில இன்னும் கத்தி படல. மொதமுடி எடுக்காம எப்படி வெட்டுறது? இடுப்பு வரைக்கும் வளந்து கெடக்கு. ரெண்டு சடை போட்டா ரெண்டு கயிறு மாதிரி தொங்குது. அதுக்குள்ள பேனு கிராமசபைக் கூட்டம் நடத்துது. பால்வாடியில பக்கத்துல ஒக்கார விட மாட்டேங்குறாங்களாம்.

நேத்து டவர் இருக்கையில பேசுச்சு. அப்படியே அது மாதிரி சொல்லவா? 'மாமா... மாமா, தலை அரிக்கிது மாமா. நீ வந்தாத்தான் வெட்டுவாங்களாம். நீ எப்ப வருவ? கடல்ல தண்ணி வத்துனதுமா?' பாத்தீங்களா கழுதைக்கு வாய. என்னயக் கொண்டு பொறந்திருக்கு. நானும் அது குரல்லயே, 'ஆமா மாமா, தண்ணி வத்துனதும்'னேன். அது சிரிக்கல. எப்பவும் சிரிக்கும். நேத்துச் சிரிக்கல.

அக்கா போன வாங்கி, வாயப் பொத்திக்கிட்டு, மச்சானுக்குக் கேக்காம... அக்கா குரலும் எனக்கு வரும். ஆனா வேணாம். என்ன சொல்லுச்சுன்னா, இந்தத் தடவ நீ வரலைன்னா சித்தப்பா மகன் சேதுப்பாண்டி மடியில ஒக்கார வச்சு எடுத்துருவாகளாம். மச்சான் முடிவு பண்ணிட்டாராம். சேதுப்பாண்டிக்கு வேட்டி எடுத்தாச்சாம். அவன் மடியா மடி? ரெண்டு முட்டியும் துருத்திக்கிட்டு ஒரல் மாதிரி இருக்கும். புள்ள ஒக்காருமா அதுல? தாய்மாமன்னு நான் உசுரோட இருக்கையில அவன் மடியிலயா? பதினாலு வருசம் அந்த வீட்டுல நின்னதுக்கு எனக்குன்னு இருக்கிறது அந்த ஒரு எடந்தான் தம்பி. அதுவும் ஒக்கார்ற எடம்.

அதான் சொல்றேன். இந்தத் தடவ எது வந்தாலும் சரி. பையக் கட்டிட்டேன். வேட்டி இந்தா, மொட்டைத் தண்ணி பட்டா கற நிக்காத மாதிரி காப்பிக்கலரு துண்டு இந்தா. பாப்பாவுக்கு வளையல் இந்தா. நாலு மணிக்குப் போட்டு. எனக்கு ஒரு வம்பும் இல்ல, ஒரு தடையும் இல்ல, சாவி ஒண்ணுதான்.

இந்தா ஊதிட்டான்! கேட்டுச்சா? 'பூம்ம்ம்.' வந்துருச்சு போட்டு. எந்திரிக்காதீங்க, இருங்க. எல்லாரும் எறங்கணும்ல. அரை மணி நேரம் நிக்கும். இந்தா வர்றாங்க பாருங்க கூட்டம். பரிமல் பாபு தெரியுறாரா? உசரமா, வெள்ளச் சட்டையில... அது வேற ஆளு. குடை வச்சிருக்காரே, அவரு... அவரும் இல்ல. அவரு கடைசியாத்தான் எறங்குவாரு. கூட்டம்னா அவருக்கு ஆகாது.

இருங்க, இருங்க. கஸ்டமரு. புது ஜோடி, கையில மருதாணி கூட அழியல. ஒரு நிமிசம் தம்பி, வாயத் தொறக்காதீங்க. க்ர்ரும். ஆயியே, ஆயியே. சைக்கிள்? பேட்டரி? பேட்டரி பஹூத் அச்சா. க்ர்ரும். பீச் தேக்கோ, ஷாம் பாஞ்ச் பஜே வாபஸ். பாஞ்ச் பஜே, சம்ஜே? கார்டு. நஹி நஹி, ஜெராக்ஸ் நஹி. ஒரிஜினல். ஒரிஜினல்! ஹா, யே சஹி. தீஜியே. இந்தச் சட்டைய ஒரு கையால தூக்கி, டிராயரத் தொறந்து... இந்தா... ஆச்சு. பத்திரமா இருக்கும். சேஃப். க்ர்ரும். ஜாயியே. ஹா, உதர் தென்னந்தோப்பு, பஹூத் சுந்தர். ஜாயியே.

'டக்.'

நல்ல பிள்ளைக. பாவம், தோப்புக்குள்ளதான் போகும்க. என்ன தம்பி? ஏன் எந்திரிச்சுட்டீங்க? ஏன் அப்படிப் பாக்குறீங்க?

எது? இந்தச் சாவியா?

அட. இது... இது இங்கனயா இருந்துச்சு. பாருங்களேன். அரைஞாண் கயித்துல. நானே கவனிக்கல. கத்தாதீங்க தம்பி, ரோட்டுல ஆளு போகுது, வில்லாயுதம் சாரு கடையில சண்டைன்னு நெனப்பாங்க. பரிமல் பாபு போன தையில மக வீட்டோட பிளேருக்குப் போனாருல்ல, போகையில குடுத்துட்டுப் போனது. இன்னைக்கு வருவாருன்னு நான் நெனச்சேன். வரலாம்ல? பேரனப் பாத்துட்டுத் திரும்பி வர மாட்டாருன்னு யாரு சொன்னா? அவரு வந்து, அவரு கையால தொறந்து, 'போயிட்டு வாங்க பில்லாயுதொம் பாபு'ன்னு குடுத்தாத்தான அது மொறை.

இருங்க, தொறக்குறேன், கையத் தட்டி விடாதீங்க. இந்தா பாருங்க. இது புது ஜோடி கார்டு. இது உங்க லைசென்ஸு, புடிங்க. போட்டோவுல நல்லாத்தான் இருக்கீங்க, நேர்லதான் கொஞ்சம் கோவக்காரரா இருக்கீங்க. அடியில இந்தா, மச்சான். எங்க மச்சான் வில்லாயுதம். ரெண்டு வருசமா இருட்டுல கெடந்தும் மொறைப்பு கொறையல பாருங்க. 'ஏலே. க்ர்ரும்.'

'எடுத்துக்கிட்டு வாங்க'ங்கிறீங்க... வர்றேன். வர்றேன் தம்பி. பைய எடுத்துத் தோள்ல போடுறேன், பாருங்க. போட்டாச்சு. செருப்பு எங்க? இந்தா. ஷட்டர...

ஆமா, அந்தப் புள்ளைக ரெண்டும் அஞ்சு மணிக்கு வருமே?

இல்ல, நீங்க சொல்லுங்க. அதுக கார்டு எங்கிட்ட இருக்கு. ஒரிஜினலு. தோப்புக்குள்ள வண்டி செத்து, தள்ளிக்கிட்டு, வேர்த்து விறுவிறுத்து வந்து பாத்தா கடை பூட்டிக் கெடந்தா? நாலு நாளு வாசல்ல கெடக்கவா? எனக்கு நடந்த மாதிரி அதுகளுக்கும் நடக்கணுமா? கல்யாணமான புதுசு தம்பி. அடுத்தவுக கார்ட வாங்கி வச்சுக்கிட்டு நம்ம பாட்டுக்கு எந்திரிச்சுப் போயிர முடியுமா? அது எங்க மச்சான் பண்ற வேலை. நான் அப்படி ஆளு இல்ல.

டீக்கடையில குடுத்துட்டா? அவருக்கு மறதி. ஓடிப் போயிக் கூப்புடுவோமா? அதுக போயி இந்நேரம் ரெண்டு கிலோமீட்டரு ஆயிருக்கும். இருங்க, யோசிக்க விடுங்க. நீங்க அவசரப்படுத்துனா எனக்கு ஒண்ணும் ஓட மாட்டேங்குது.

ரெண்டாவது ஊதலு. நீங்க ஓடுங்க. ஓடுங்க தம்பி, தங்கச்சி காத்துக்கிட்டிருக்கும். உங்களுக்காக நிக்காது அது.

ஏ தம்பி, தம்பி! ஒரு நிமிசம். ஒரே நிமிசம், சத்தியமா. இந்தப் பைக்குள்ள... துண்டு வேணாம், வளையலும் இருக்கட்டும், நானே கொண்டு போறேன்... இந்தா, இது. பேன் சீப்பு. மரத்துல செஞ்சது, ரெண்டு பக்கமும் பல்லு. பிளேருல சொல்லி வாங்குனேன். அருப்புக்கோட்டையில எறங்கி அப்படியே ஒரு எட்டு கமுதி. பஸ் ஸ்டாண்டுக்கு எதுத்தாப்புல வில்லாயுதம் பெயிண்ட்ஸுன்னு பெரிய போர்டு. மச்சான்கிட்ட குடுக்காதீங்க. கொல்லப்பக்கம் போயி எங்க அக்காகிட்ட குடுங்க, முத்திருளாயின்னு கூப்புடுங்க. ரெண்டு சடை போட்ட புள்ள ஒண்ணு ஓடியாரும். மொட்டையா இருந்தாலும் குடுத்துருங்க.

மாமா எங்கன்னு கேக்கும்.

சாவி வரலைன்னு சொல்லிருங்க.